பொதுக் கருவியும் அதைக் காப்பவரும்

கோவை லாலி ரோட்டைத் தாண்டி வேளாண் பல்கலைக்கழகத்துக்குள் போனால், தாவர மூலக்கூறு உயிரியல் மற்றும் உயிர்தொழில்நுட்ப மையம். அங்கே, டிஎன்ஏ துண்டைப் பல மடங்காகப் பெருக்கும் பிசிஆர் மெஷின் பக்கத்தில் ஒரு லாக் புக் கிடக்கிறது. பெயர், துறை, தொடங்கிய நேரம், முடித்த நேரம், கடைசியில் ‘குறை ஏதும் உண்டா?’ பல ஆய்வாளர்களுக்குப் பொதுவான கருவி என்பதால் இந்த ஐந்து கட்டங்களும் கறாராக நிரப்பப்படுகின்றன.

நான் போன அன்று காலை, கருவியைப் பயன்படுத்தும் முறை நெல் ஆய்வு செய்யும் மாணவி ஒருவருடையது. நாற்றின் இலைத் துணுக்கில் திரவ நைட்ரஜனை ஊற்றி அரைத்தார். மைனஸ் 196 டிகிரிக் குளிரில் இலை அப்பளமாக நொறுங்கியது. அந்தக் குளிரில் நொதிகள் செயலற்றுப்போவதால் டிஎன்ஏ சிதையாமல் கிடைக்கும். பிறகு பிசிஆர்: 95 டிகிரியில் இரண்டு இழைகளும் பிரியும், 55 டிகிரிவாக்கில் பிரைமர் என்ற சிறு டிஎன்ஏ துண்டு ஒட்டும், 72 டிகிரியில் நொதி புது இழையைக் கட்டும். சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பு. 30 சுற்று முடிந்தால், கணக்குப்படி ஒன்று நூறு கோடிக்கு மேல் ஆகிவிடும். கடைசியில் அதை ஜெல்லில் ஓட்டி, வேண்டிய டிஎன்ஏ துண்டின் பட்டை (பேண்ட்) விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

இவ்வளவும் எதற்கு? ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ என்ற பழைய நெல்லில், வெள்ளத்தைத் தாங்கும் சப்1 மரபணு இருக்கிறது. அதை டெல்டா விவசாயிகளுக்குப் பழக்கமான சி.ஆர். 1009 ரகத்தில் சேர்த்து, இரண்டு வாரம்வரை மூழ்கினாலும் பிழைக்கும் நெல்லை இப்பல்கலைக்கழகம் தந்தது. எந்த நாற்றுக்கு அந்த மரபணு வந்திருக்கிறது என்று தெரிய வெள்ளம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இலைத் துணுக்கு போதும்.

ஆனால் என் கண் மாணவியைவிட, பின்னால் நின்ற ஆய்வக உதவியாளர் மீதே இருந்தது. பிப்பெட்டில் 100 மைக்ரோலிட்டர் வாலை வடிநீரை எடுத்து டிஜிட்டல் தராசில் விட்டார். 100 மில்லிகிராம் காட்டினால் பிப்பெட் சரி. திரும்பத் திரும்ப எடுத்து ஒவ்வொன்றையும் எழுதினார்.

“கம்பெனிக்காரங்க எப்பவாச்சும்தானுங்க வருவாங்க. நடுவுல நாமதான் பாத்துக்கோணும். இது தப்புன்னா அந்தப் புள்ளையோட மூணு மாச வேலை தப்புங்க.”

பேச்சோடு பேச்சாக, சென்ட்ரிஃபியூஜ் மூடியில் கைவைத்த வேறொரு மாணவரிடம், “கண்ணு, எதுத்தாப்பல அதே எடையில ட்யூப் வெச்சீங்களா?” என்றார். நிமிடத்துக்குப் பதின்மூவாயிரம் சுற்று சுழலும் கருவி அது. எடை ஒரு பக்கம் சாய்ந்தால் ரோட்டர் கெடும், ஆளுக்கும் ஆபத்து. கையேட்டில் இருப்பதுதான். ஆனால் அவசரத்தில் இருக்கும் மாணவருக்கு உரிய நேரத்தில் அதை நினைவூட்ட ஓர் ஆள் வேண்டும்.

இதுபோன்ற பொதுக் கருவிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று வெளி ஆய்வாளர்களும் பார்த்து முன்பதிவு செய்ய, மத்திய அரசு 2020 ஜனவரியில் ஐ-ஸ்டெம் தளத்தைத் தொடங்கியது. ஈரோட்டிலோ பொள்ளாச்சியிலோ சின்னக் கல்லூரியில் படிப்பவருக்கு இது பெரிய வாசல். ஆனால் நாட்டில் பல ஆய்வகங்களில் கருவி வாங்க நிதி வருகிறது, அதைக் காப்பவர் மட்டும் திட்ட முடிவோடு வேலை முடியும் ஒப்பந்தக்காரராக இருக்கிறார். அவர் போனால் அந்தக் கருவியைப் பற்றிய அனுபவமும் அவரோடு போய்விடும்.

கருவிக்கு விண்ணப்பம் எழுதும் பேராசிரியர்களே, நிதி தரும் துறைகளே, அந்த விண்ணப்பத்திலேயே காப்பவரின் நிரந்தரச் சம்பளத்துக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். ஆய்வேடு எழுதும் மாணவர்களே, நன்றியுரையில் அவர் பெயரை எழுதுங்கள்.