அழியாமல் நின்ற எண்கள்

கிட்டங்கி ஒன்றுக்காக ஜாவா ஸ்விங்கில் எழுதிய செயலி அது. திரை முழுக்கக் கிட்டங்கியின் வரைபடம். அதன் மேல் ஒரு மூலையில், உள்ளே நிற்கும் லாரிகளின் எண்ணிக்கையைக் காட்டும் லேபிள். பின்னால் இருக்கும் வரைபடம் மங்கலாகத் தெரியட்டும் என்று அதன் பின்னணிக்கு 120 ஆல்ஃபாவில் கறுப்பு கொடுத்திருந்தோம். எண் மாறியதும் 8க்கு அடியில் பழைய 7 அப்படியே நின்றது, நேற்றைய கோலத்தைப் பெருக்காமல் அதன் மேலேயே இன்றைய கோலத்தைப் போட்ட மாதிரி. லாரிகள் வந்து போகப் போகப் பின்னணியும் கறுத்து, லேபிளுக்கு அடியில் வரைபடமே மறைந்தது. சன்னலின் ஓரத்தை இழுத்து அளவை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும்.

“சார், டைமர் வச்சு முழுச் சன்னலையும் ரீபெயின்ட் பண்ணிடலாமே” என்றார் கூட வேலை பார்த்த தம்பி. எனக்கு மனம் ஒப்பவில்லை. கறை எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் துடைத்துக்கொண்டே இருப்பதைத் தீர்வு என்று நான் ஏற்க மாட்டேன்.

வரைபடத்தைத் தீட்டும் பேனல், லேபிள் இரண்டின் பெயின்ட்காம்பொனென்ட்டிலும் ஒரு பிரின்ட் வரி போட்டோம். எண் மாறும்போது கன்சோலில் ‘லேபிள்’ மட்டுமே வந்தது. ‘பேனல்’ வரவே இல்லை.

விஷயம் அங்கேதான் இருந்தது. ஸ்விங் லேபிள் இயல்பில் ஒபேக் அல்ல. பின்னணி நிறம் தெரியவேண்டுமென்றால் செட்ஒபேக்(ட்ரூ) போடுவோம். அதைப் போட்டால், ‘என் எல்லைக்குள் எல்லாப் புள்ளியையும் நானே முழுதாகத் தீட்டிவிடுவேன்’ என்று ஸ்விங்குக்கு வாக்குக் கொடுத்ததாகிறது. அதை நம்பி ஸ்விங் பின்னால் இருக்கும் பேனலைத் தொடுவதில்லை. நாமோ ஊடுருவும் நிறத்தைத் தீட்டுகிறோம். 255இல் 120 என்றால் அடியில் இருப்பது பாதிக்கு மேல் தெரியும். அதனால்தான் பழைய எண். அதையே ஆறேழு முறை தீட்டினால் ஏறக்குறைய முழுக் கறுப்பு.

செட்ஒபேக்(ஃபால்ஸ்) என்று மாற்றி, பெயின்ட்காம்பொனென்ட்டில் முதலில் அந்த நிறத்தை ஃபில்ரெக்ட்டால் நாங்களே நிரப்பி, அதற்குப் பிறகு சூப்பரை அழைத்தோம். ஸ்விங் இப்போது பேனலிலிருந்தே தீட்டத் தொடங்கியது. கன்சோலில் ‘பேனல்’, ‘லேபிள்’ என்று இரண்டும் வரிசையாக வந்ததைப் பார்த்த தம்பி டைமர் பேச்சை விட்டுவிட்டார்.

ஸ்விங் போன்ற இன்னொரு கருவித்தொகுப்பான க்யூட்டியிலும் டபிள்யூஏ_ஒபேக்பெயின்ட்ஈவென்ட் கேட்பது இதே வாக்கைத்தான். இப்போதெல்லாம் பிறர் எழுதிய நிரலைத் திறந்தால் ஆல்ஃபா வைத்த நிறங்களைத்தான் முதலில் தேடுகிறேன். பக்கத்திலேயே செட்ஒபேக்(ட்ரூ) இருந்தால், ஓட்டிப் பார்க்காமலே கறை எங்கே விழும் என்று சொல்லிவிடலாம்.