பணம் போன அன்றைக்கே சொல்லிவிடுங்கள்

இந்தத் தடவை மழை, மிளகு விலை எதுவும் எழுதவில்லை. பதிவு கொஞ்சம் நீளம். முடிந்தால் ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்குப் போன் போட்டு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

நம் பக்கத்து ஊர்த் தாய் ஒருவர். அவர் பிள்ளைகள் இருவரும் என்னிடம் படித்தவர்கள். பெயர் வேண்டாம். ஒருநாள் சாயங்காலம் அவருக்குப் போன். "கல்வித்துறையில் இருந்து பேசறோம், உங்க பொண்ணுக்கு உதவித்தொகை வந்திருக்கு" என்றிருக்கிறான். பெண்ணின் பெயர், படித்த பள்ளி, வகுப்பு எல்லாம் சரியாகச் சொன்னானாம். வாட்ஸ்அப்பில் ஒரு க்யூஆர் கோடு அனுப்பி, ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் பணம் ஏறிவிடும் என்றான். போட்டார். மிளகு விற்று, பெண்ணின் கல்லூரி விடுதிக்கு என்று வைத்திருந்த 14,000 ரூபாய் போய்விட்டது.

மோசடிக்காரன் என்றால் இந்தி கலந்த கொச்சைத் தமிழில் பேசுவான் என்று பலர் நினைக்கிறார்கள். 2024 தொடக்கத்தில் இதே உதவித்தொகை மோசடிக்காகக் கோவை சைபர் கிரைம் போலீசார் ஐந்து பேரைக் கைது செய்தார்கள். பிடிபட்டவர்கள் நம் நாமக்கல் மாவட்டத்துக்காரர்கள். நம் பேச்சுதான் பேசுவார்கள். பிள்ளையின் பெயர் தெரிகிறது என்பதற்காக நம்பவும் கூடாது. நம் விவரங்கள் எங்கெங்கோ கைமாறிக்கொண்டிருக்கின்றன.

ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். போனில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. நம் கணக்கில் இருந்து பணம் வெளியே போகத்தான் அது வேண்டும். மீதி எவ்வளவு என்று பார்க்கவும் கேட்கும். நமக்குப் பணம் கொடுக்க வருகிறவன் நம் பெட்டிச் சாவியை எதற்குக் கேட்கிறான்?

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இதற்காக மட்டும் இல்லை. அந்தத் தாய் நான்கு நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. திருப்பூரில் வேலை செய்யும் மகன்தான் அந்தப் போனை வாங்கிக் கொடுத்தவன். "கண்டதை அமுக்காதேம்மா" என்று முன்பே ஒருமுறை கத்தியிருக்கிறான். அந்தப் பயம். ஐந்தாம் நாள் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து அழுதார். அங்கிருந்தே 1930க்குப் போன் செய்தோம். புகார் பதிவானது. அதற்குள் பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ, அதில் ஒன்றும் மிச்சமில்லை.

1930 என்பது இதற்கென்றே உள்ள அரசு எண். இந்தியா முழுவதும் ஒரே எண்தான். திருடன் பணத்தை ஒரே கணக்கில் வைத்திருக்க மாட்டான். நாலைந்து கணக்குகளுக்குப் பிரித்து அனுப்பி, ஏடிஎம்மில் எடுத்துவிடுவான். நாம் சொன்னதும் அந்தந்த வங்கிக்குத் தகவல் போய், எடுக்காமல் மிச்சம் இருக்கும் பணத்தை நிறுத்தி வைக்கிறார்கள். அதனால் நாள் கணக்கு பார்த்தால் ஆகாது, மணிக் கணக்குதான். போன் செய்யும்போது கணக்கு எண், போன தொகை, நேரம், மெசேஜில் வந்த பரிவர்த்தனை எண் இவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வங்கிக்கும் உடனே சொல்லுங்கள்.

"படிக்காதவர்கள்தான் ஏமாறுவார்கள்" என்று ஏளனம் பேசும் உறவினர்களுக்கும் ஒரு சேதி. 2024 ஆகஸ்டில் வர்த்தமான் நூற்பாலைக் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வாலிடம் சிபிஐ என்று சொல்லி, வீடியோவில் போலி உச்ச நீதிமன்றமே நடத்தி, 7 கோடி ரூபாய் பறித்தார்கள். அப்போது அவருக்கு வயது 82. பத்ம பூஷண் வாங்கியவர். ஆனால் அவர் வெட்கப்பட்டு மறைக்கவில்லை. சில நாட்களுக்குள் போலீசில் சொன்னார். 5.25 கோடி மீட்கப்பட்டது. பிறகு பத்திரிகைகளிடமும் நடந்ததை வெளிப்படையாகச் சொன்னார். எனக்கு அந்த மனிதர் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. (டிஜிட்டல் அரெஸ்ட் என்று நம் சட்டத்தில் ஒன்றுமே கிடையாது. பிரதமரே 2024 அக்டோபரில் வானொலியில் சொன்னார்.)

எனக்கும் இப்படிப் போன் வரும். கருவூலத்தில் இருந்து பேசுகிறார்களாம், ஓடிபி சொல்லாவிட்டால் ஓய்வூதியம் நின்றுவிடுமாம். "சரிங்க, நாளைக்கு நேர்லயே வந்து பார்க்கிறேன்" என்றேன். அவனே வைத்துவிட்டான். என்னைப் போன்ற ஓய்வூதியர்களுக்கு இந்த ஒரு வாக்கியம் போதும். டவர் தேடிப் பாறை மேல் ஏறி நின்று பேசிய ஊர் நம்முடையது. அதனால் வந்த போனை வைத்துவிட நம் பெரியவர்களுக்கு மனசே வராது. பாதிப் பேச்சில் வைத்தாலும் தப்பில்லை என்று நீங்கள்தான் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

திருப்பூர், சென்னை, பெங்களூர் என்று வேலைக்குப் போயிருக்கும் பிள்ளைகளே, ஊரில் இருந்து அம்மா தயங்கித் தயங்கிப் பேசினால் முதலில் "எவ்வளவும்மா, எப்போ போச்சு?" என்று கேளுங்கள். அடுத்து 1930. திட்டுவதாக இருந்தால் ஒரு மாதம் கழித்துத் திட்டிக்கொள்ளலாம். அந்தத் திருப்பூர்ப் பையனிடமும் இதையே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, விடுதிப் பணத்தை அவனே கட்டிவிட்டான்.

இந்த ஞாயிறு காலை நான் வீட்டில்தான் இருப்பேன். பக்கத்தில் இருப்பவர்கள் வீட்டுப் பெரியவர்களைப் போனோடு அனுப்பி வையுங்கள். 1930ஐப் பதிந்து தருகிறேன். எழுத்து தெரியாதவர்களுக்கு ஏதாவது படம் வைத்துத் தரலாம். காபி உண்டு, நம் தோட்டத்துக் காபி.