சாவிக்கொத்து
(மூன்றாம் ஆண்டு, கணினி அறிவியல்)

வீட்டுச் சாவியைப் புதிய ஆளிடம் கொடுக்குமுன் பத்து முறை யோசிப்பவர்கள் நாம். யோசிக்காமல் கொடுத்த ஒருவனின் கதை இது. அந்த ஒருவன் நானேதான்!

சென்ற ஆண்டு எங்கள் துறையும் தமிழ்த்துறையும் சேர்ந்து சுற்றுவட்டாரக் கிராமங்களில் நடவுப் பாட்டுகளை ஒலிப்பதிவு செய்தோம். வெயிலில் அதிகம் அலைந்தவன் தமிழ்த்துறை நண்பன். பதிவுகளை ‘கிளவுட்’ எனப்படும் மேகக் கணினியில் சேர்த்து வைத்தோம். மேகம் என்றதும் வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டாம். எங்கோ ஒரு கட்டடத்தில் வரிசையாக நிற்கும் கணினிகளில் வாடகைக்கு இடம் பிடிப்பதுதான் அது.

வாடகை மாதாமாதம் ஏறியது. குறைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அவ்வேளையில்தான் செயற்கை நுண்ணறிவு முகவர் என்னைக் கவர்ந்தது. விடை சொல்வதோடு நில்லாமல், தானே கட்டளைகளை இயக்கி வேலையை முடிக்கும் மென்பொருள் அது. இத்தகைய மென்பொருளைப் பிற கருவிகளோடு இணைப்பதற்கென்றே 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ என்னும் பொது நெறிமுறையை வெளியிட்டிருந்தது. அதன் வழியே முகவரை எங்கள் மேகக் கணக்கோடு இணைத்தேன். பார்க்க, மாற்ற, அழிக்க என அனுமதிகளைத் தனித்தனியே கொடுக்க வழியுண்டு. சோம்பலால் எல்லாக் கதவுகளையும் திறக்கும் சாவியையே கொடுத்துவிட்டேன்.

“பயன்படாதவற்றை நீக்கு” என்றேன். நீக்கியது. நாங்கள் வாடகைக்கு எடுத்தவற்றின் பட்டியல் ‘டெராஃபார்ம்’ கோப்பில் இருந்தது. பாட்டுகள் இருந்த சேமிப்பிடத்தையோ நண்பன் தனியே உருவாக்கியிருந்தான்; பட்டியலில் அது இல்லை. மூன்று மாதமாக யாரும் அதைத் திறக்கவுமில்லை. முகவரின் கணக்கில் அது குப்பை.

நண்பன் திட்டவில்லை. அவனுடைய கைப்பேசியிலிருந்து பெரும்பாலான பாட்டுகள் மீண்டன. ஒரு பாட்டியின் பாட்டை மட்டும் இரவல் வாங்கிய கருவியில் பதிந்திருந்தோம். “அந்தப் பாட்டி இப்ப இல்லடா” என்றான். அவ்வளவுதான்.

“முகவர் தவறு செய்துவிட்டது ஐயா” என்று பேராசிரியரிடம் முறையிட்டேன். “சாவி கொடுத்தது யார் தம்பி?” என்று கேட்டார். பிறகு ஒரு நிகழ்ச்சியைச் சொன்னார். 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் ‘எஸ்3’ சேமிப்புச் சேவை சுமார் நான்கு மணி நேரம் தடுமாறியது. ஊழியர் ஒருவர் கட்டளையில் பிழையாக இட்ட விவரம், நினைத்ததைவிட அதிகமான கணினிகளை விலக்கிவிட்டது. அந்நிறுவனம் பிறகு கருவியையே திருத்தியது: குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகும்படி எதையும் விலக்க அது இடம் தராது. “மனிதனும் தவறுவான், இயந்திரமும் தவறும். எல்லையை முன்கூட்டியே வகுப்பதுதான் அறிவு” என்றார்.

இன்று எங்கள் முகவரிடம் இருப்பது பார்க்கும் சாவி மட்டுமே. யோசனையை அது எழுதித் தரும். டெராஃபார்மின் ‘பிளான்’ கட்டளை எது உருவாகும், எது மாறும், எது அழியும் என்று முன்னதாகவே காட்டும். நானும் நண்பனும் அதை வரி வரியாகப் படித்து, இருவரும் சம்மதித்த பிறகே ‘அப்ளை’ கொடுப்போம்.

நண்பர்களே! நாளை நீங்களும் இத்தகைய வேலைக்காரர்களை அமர்த்துவீர்கள். தாராளமாக அமர்த்துங்கள். ஆனால் அழிக்கும் சாவி உங்கள் இடுப்பிலேயே இருக்கட்டும். போன குரலை எந்த மேகமும் திருப்பித் தராது.