நாமக்கல் லாரியில் ஒரு மடக்குப் பலகை

கோவையிலிருந்து ஈரோடு, திருச்செங்கோடு தாண்டினால் நாமக்கல். கூரையில்லாமல் வெயிலில் நிற்கும் 18 அடி ஆஞ்சநேயரைக் கும்பிட்டு வருபவர்கள், ஊரைச் சுற்றியுள்ள லாரி பாடி கட்டும் பட்டறைகளையும் ஒரு நடை எட்டிப் பார்க்கலாம்.

இன்ஜினும் சக்கரமும் சேஸிஸுமாக எலும்புக்கூடாய் வரும் வண்டிக்கு இங்கேதான் உடம்பு. கேபினும் கட்டுகிறார்கள். வடநாட்டு லோடு என்றால், இரண்டு பேர் வாரக்கணக்கில் குடியிருக்கும் வீடு அது. சீட்டுக்குப் பின்னால் படுக்கை, மேலே தட்டு, முன்னால் சாமி படம். அரிசி, பருப்பு, அடுப்புக்கெல்லாம் எப்படியோ இடம் வந்துவிடுகிறது. உட்கார்ந்து சாப்பிட? தட்டு மடியில், குழம்புச் சட்டி, சூடு ஆறாத இன்ஜின் மூடி மேல்!

தச்சரிடம் இதற்கு மலிவான வழி உண்டு. ஒன்றரை அடி பிளைவுட், இரண்டு கீல், ஒரு சங்கிலி. விரித்தால் மேசை, மடித்தால் சுவரோடு சுவர். விளிம்பில் அரை அங்குலச் சட்டம் அடிக்காவிட்டால் டம்ளர் உருண்டுவிடும். கொண்டி மறந்தால், முதல் வேகத்தடையிலேயே பலகை முழங்காலைப் பதம் பார்க்கும்.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் புது லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம். நல்ல விஷயம்தான். ஆனால், அந்த உத்தரவில் சாப்பாட்டுப் பலகை இல்லை. பட்டறையில் வண்டி நிற்கும்போதே டிரைவர்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும்: “அப்படியே ஒரு மடக்குப் பலகையும் வெச்சுருங்ணா.”