வாய்க்காலுக்கு வடக்கு

1993-ல் பிளஸ் டூ முடித்துவிட்டுச் சும்மா இருந்த என்னை, அப்பா சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இருந்த ஓட்டுக் கட்டடத்துக்கு அழைத்துப் போனார். தஞ்சை டெல்டாவில் சிறிய ஊர். ஒரு மேசை, ஒரு பெஞ்சு, சுவரில் சட்டம் போட்டு மாட்டிய உரிமம். அங்கே பத்திரம் எழுதிக்கொண்டிருந்தவரை ஊரே ஐயா என்றுதான் கூப்பிடும். "பையனுக்குக் கையெழுத்து முத்து முத்தா இருக்கும்" என்றார் அப்பா. ஐயா என் கையெழுத்தைப் பார்க்கவே இல்லை. பழைய கிரயப் பத்திரம் ஒன்றை எடுத்து நீட்டினார். "இதைப் படிச்சுட்டு, இந்த நிலம் எப்படிக் கிடக்குன்னு படம் போட்டுக் காட்டு தம்பி" என்றார்.

முதல் ஆறு மாதம் அதுதான் வேலை. பத்திரத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கச் சொல்வார். சொத்து விவரம் அங்கேதான் இருக்கும்: கிராமம், சர்வே எண், உட்பிரிவு, விஸ்தீரணம், நான்கெல்லை. அது மனசில் படமாக நின்ற பிறகுதான் முன்பக்கம் போகலாம். எழுதிக்கொடுப்பவர் யார், வாங்குபவர் யார், இந்தச் சொத்து எழுதிக்கொடுப்பவருக்கு எப்படி வந்தது? அப்படியே தாய்ப்பத்திரம், அதற்கும் முந்தைய மூலப்பத்திரம் என்று பின்னோக்கி நடக்க வேண்டும். நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தால் ஐயா அங்கேயே நிறுத்திவிடுவார்.

அளவுகள் தனிப் பாடம். விவசாயி மா, குழி என்பார். பழைய பத்திரம் ஏக்கர், சென்ட் என்னும். பட்டா ஹெக்டேர், ஏர் என்னும். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு குழி 144 சதுர அடி, ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஆக ஒரு மா என்பது ஏறக்குறைய 33 சென்ட், பட்டாக் கணக்கில் 13 ஏர் சொச்சம். மூன்று கணக்கும் ஒரே நிலத்தைத்தான் சொல்கின்றனவா என்று பார்த்த பிறகே ஐயா பேனாவைத் திறப்பார்.

இரண்டாம் வருஷம் என்னை எழுதவிட்டார். நான் செய்த பிழையும் அந்த வருஷத்தில்தான். ஒரு மா நஞ்சைக்குக் கிரயப் பத்திரம். எங்கள் தொழிலில் எல்லை சொல்ல ஒரு மரபு உண்டு. 'வாய்க்காலுக்கு வடக்கு' என்றால் நம் நிலம் வாய்க்காலுக்கு வடபுறம் கிடக்கிறது, வாய்க்கால் நமக்குத் தென் எல்லை. தாய்ப்பத்திரத்தில் அப்படித்தான் இருந்தது. படிக்கிறவருக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று நான் 'வடக்கில் வாய்க்கால்' என்று மாற்றி எழுதினேன். ஒரே வரியில் 33 சென்ட் நிலத்தை வாய்க்காலுக்கு அக்கரையில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். வேலை நெருக்கடியில் அன்று ஐயாவும் மறுபடி படிக்கவில்லை. பத்திரம் பதிவாகிவிட்டது.

எட்டு மாதம் கழித்து, வாங்கியவர் அந்த நிலத்தின் பேரில் கடன் கேட்டுப் போன இடத்தில் வக்கீல் அதைக் கண்டுபிடித்தார். பிழைத்திருத்தல் பத்திரம் எழுத வேண்டும். அதற்கு விற்றவர் மறுபடி வந்து கையெழுத்துப் போட வேண்டும். அவரோ திருப்பூரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். ஐயா என்னையும் கூட்டிக்கொண்டு திருப்பூர் போனார். பெரியவரை அழைத்து வந்த செலவு, பதிவுச் செலவு எல்லாம் ஐயா கையிலிருந்து போயிற்று. என்னைத் திட்டவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒன்று மட்டும் சொன்னார்: "அடிச்சு எழுதுனா காகிதம்தான் போகும் தம்பி. பதிஞ்சதுக்கு அப்புறம் தப்புன்னா அடுத்தவன் சோறு போகும்." அன்றிலிருந்து நான் எழுதும் எந்தப் பத்திரத்துக்கும் முதலில் படம் போட்டுக்கொள்கிறேன்.

எழுத்தை விடக் கடினமாக இருந்தது கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டதுதான். அண்ணன் தம்பி இருவர் அப்பாவின் நிலத்தை விற்க வந்தார்கள். பட்டா இருந்தது, வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தது, வாங்குபவர் பணத்தோடு வந்திருந்தார். ஐயா கேட்டார்: "கூடப் பொறந்த பொண்ணுங்க எத்தனை பேர்?" இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்யாணம் செய்துகொடுத்த அக்கா ஒருவர் இருந்தார். நிலம் அப்பா சொந்தமாக வாங்கியது, அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தார். 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கு உள்ள பங்கு மகளுக்கும் உண்டு. பூர்வீகச் சொத்திலும் மகளுக்கு உரிமை என்று 1989-ல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது, 2005-ல் நாடு முழுவதும் அது வந்தது. ஐயா அன்று பத்திரத்தை எழுதவில்லை. "வில்லங்கச் சான்றுல பதிவானதுதான் வரும். பொறப்பும் சாவும் அதுல வராது. அக்காவைக் கூட்டிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். பத்து நாள் கழித்து அக்கா வந்தார். தன் பெயரும் பத்திரத்தில் இருப்பதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

படித்துக் காட்டுவதும் ஐயாவிடம் ஒரு சடங்கு போலவே நடக்கும். கைநாட்டு வைக்கிறவர் முன்னால் முழுப் பத்திரத்தையும் நிறுத்தி நிதானமாகப் படிப்பார். 'கிரயம்' என்று வரும் இடத்தில் நிறுத்தி, "ஆத்தா, இது அடமானம் இல்ல, விக்கிறீங்க. திரும்பக் கேக்க முடியாது. சம்மதம்தானா?" என்பார். பதில் வாயால் வர வேண்டும். தலையாட்டினால் ஏற்க மாட்டார்.

அவருடைய தகப்பனார் கர்ணமாக இருந்தவர். பரம்பரைக் கிராம அதிகாரிப் பதவிகளை அரசு 1980-ல் ஒழித்தபோது, வீட்டில் மிஞ்சியது நிலக் கணக்கு பற்றிய அறிவு மட்டும்தான் என்று ஐயா சொல்வார். 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தைப் பதிவான பத்திரத்தால்தான் விற்க முடியும் என்றது 1882-ம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம். பதிவு எப்படி நடக்க வேண்டும் என்பதை 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டம் வகுத்தது. ஆனால் அந்தப் பத்திரத்தை எழுதிக்கொடுக்கிறவருக்கென்று தமிழ்நாட்டில் உரிம விதிகள் வந்தது 1982-ல்தான். எழுதியவர் தன் பெயரையும் உரிம எண்ணையும் பத்திரத்தில் போட வேண்டும் என்றானதும் மரத்தடித் தொழில் பொறுப்புள்ள தொழிலானது. சுவரில் தொங்கிய உரிமத்தைக் காட்டி, "இது சம்பாதிக்கக் கொடுத்த சீட்டு இல்ல, தப்புன்னா நம்மளைத் தேடி வரக் கொடுத்த விலாசம்" என்பார் ஐயா.

எனக்கு உரிமம் கிடைத்தது, தனி மேசை போட்டேன். கை எழுத்து போய்த் தட்டச்சும் பிறகு கணினியும் வந்தன. 2018-ல் பதிவுத்துறை ஸ்டார் 2.0 திட்டத்தைக் கொண்டுவந்தது. விவரங்களை இணையத்தில் ஏற்றுகிறோம், நேரம் குறித்து டோக்கன் வாங்குகிறோம், வில்லங்கத்தை வீட்டிலிருந்தே பார்க்கிறோம். மாதிரிப் பத்திரங்கள் யாருக்கும் கிடைக்கின்றன. இவை நல்ல மாற்றங்கள். ஒருகாலத்தில் வில்லங்கம் தேடப் பெயர் அட்டவணையையும் சொத்து அட்டவணையையும் வருஷம் வருஷமாகப் புரட்ட வேண்டியிருந்தது. ஆனால் 'வடக்கில் வாய்க்கால்' என்று தட்டினால் கணினி அதையும் அப்படியே ஏற்றுக்கொள்ளும். அக்கா எங்கே என்று அது கேட்காது.

இங்கிலாந்தில் 1985-ல் ஒரு சட்டம் இயற்றிச் சொத்து ஆவணத் தொழிலுக்கென்றே உரிமம் பெற்றவர்களை உருவாக்கினார்கள். அவர்களுக்குப் பயிற்சியும் தேர்வும் ஒழுங்கு நடவடிக்கையும் ஒரே மன்றத்தின் பொறுப்பு என்று படித்தபோது எனக்கு ஐயாவின் மேசைதான் ஞாபகம் வந்தது. எனக்கு வாய்த்த ஒரே பள்ளிக்கூடம் அது. அது போன்ற மேசை கிடைக்காத இளைஞர்கள் இன்று எத்தனையோ பேர் இந்தத் தொழிலுக்கு வருகிறார்கள். எங்கள் சங்கங்கள் கட்டணத்துக்கும் உரிமைக்கும் குரல் கொடுப்பது நியாயமே. அதோடு, புதிதாக வருகிற ஒவ்வொருவரையும் ஓராண்டாவது மூத்தவர் ஒருவரிடம் உட்கார வைத்துப் பழக்கும் பொறுப்பையும் சங்கங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பத்திரம் பதியப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கையெழுத்துப் போடும் முன் சொத்து விவரத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். முடிந்தால் அந்தப் பக்கத்தோடு போய் நிலத்தில் நின்று, நான்கு பக்கமும் திரும்பிப் பாருங்கள். காகிதத்தில் உள்ள வாய்க்கால் நிலத்திலும் அதே பக்கத்தில் ஓடினால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.