வாப்பாவின் ஏடு

எங்கள் வீட்டுக் கணினியில் இருந்த விண்டோஸ் 10 பதிப்புக்கு, 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு வழக்கமான ஆதரவு நின்றது. வட்டை முழுவதும் துடைத்துவிட்டு, புதிய பதிப்பை அடியிலிருந்தே நிறுவுவதெனத் துணிந்தேன்.

துடைக்குமுன் எதை எடுத்து வைப்பது? படங்கள், கடிதங்கள், கணக்குகள். இவற்றுக்கெல்லாம் மேலாக வாப்பாவின் ஏடு. 1942இல், பத்து வயதுச் சிறுவராக, ரங்கூனிலிருந்து மணிப்பூர் எல்லை வரை நடந்து வந்த கதையை அவர்கள் சொல்லச் சொல்ல, 2004இல் நான் தட்டச்சிட்டது அது. இன்று வாப்பா இல்லை. அந்த ஏடுதான் இருக்கிறது.

அனைத்தையும் வெளிவட்டு ஒன்றில் படியெடுத்தேன். ஏட்டைத் திறந்தும் பார்த்தேன். எழுத்துகள் செவ்வையாய் இருந்தன. 8 ஜி.பி. பென் டிரைவில் நிறுவற் கோப்புகளை ஏற்றி, பழைய பகுப்புகளை அழித்து, நிறுவி முடித்தேன்.

பிறகு ஏட்டைத் திறந்தேன். தமிழ் இல்லை! ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் பக்கம் பக்கமாய்ச் சிதறிக் கிடந்தன. என் கையாலேயே வாப்பாவின் சொல்லை அழித்துவிட்டேனோ என்று நெஞ்சு பதறியது.

கல்லூரியில் படிக்கும் மகள் வந்து பார்த்தாள். “வாப்பா, எழுத்துருப் பெட்டியில் ‘பாமினி’ என்று இருக்கிறதே!” என்றாள். அப்போதுதான் விளங்கிற்று. யூனிகோடு பரவுமுன் நாம் தட்டியவை உள்ளபடியே ஆங்கிலக் குறிகள். அவற்றுக்குத் தமிழ் உருவம் தந்தது எழுத்துரு. அரைப்புள்ளி நின்ற இடமெல்லாம் மெய்யெழுத்தின் புள்ளி! முன்பு கணினி மாற்றியபோது கடைக்காரர் அவ்வெழுத்துருவைப் பதித்துத் தந்திருந்தார், நான் அறியேன். கோப்பை எடுத்து வைத்தவன், விண்டோஸ் உறைக்குள் கிடந்த எழுத்துருவை விட்டுவிட்டேன். சோதித்ததும் அதே கணினியில் என்பதால் குறை புலப்படவில்லை.

பாமினியைத் தேடிப் பதித்ததும் எழுத்துகள் உயிர்பெற்றன. பின்னர் யூனிகோடுக்கு மாற்றி, மூன்று இரவுகள் மகள் வாசிக்க நான் பிழை பார்த்தேன். பாட்டனார் நடந்த வழியை அவள் அறிந்தது அவ்விரவுகளில்தான். ஆற்றங்கரையில் தம்பியை அடக்கிய பக்கத்தில் அவள் குரல் தடைப்பட்டது.

இப்போது ஏட்டின் படி ஒன்று வெளிவட்டில் இருக்கிறது. மற்றொன்று தங்கை வீட்டுக் கணினியில். தாளில் அச்சிட்ட படியொன்று அலமாரியில் இருக்கிறது. அதைத் திறக்க எந்த எழுத்துருவும் வேண்டியதில்லை.