கொழுந்து பறிக்கும் விரலும் ஓமோன் பாடமும்



உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற பிள்ளைகளையும், முக்கியமாக அவர்களுடைய உம்மா வாப்பா, அம்மா அப்பாமாரையும் நினைத்து இதை எழுதுகிறோம். பதிவு கொஞ்சம் நீளம். ஒரு தேத்தண்ணியை வைத்துக்கொண்டு வாசியுங்கள். விஷயமும் தேத்தண்ணிதான்.

தாவர ஓமோன்கள் என்ற பாடம் வந்தால் பிள்ளைகள் ஐந்து பெயரைப் பாடமாக்குவார்கள்: ஒட்சின், கிபரலின், சைற்றோகைனின், அப்சிசிக் அமிலம், எதிலீன். சோதனை முடிந்ததும் ஐந்தும் பறந்து போகும். பசறையிலும் நமுனுகுலையிலும் தெமோதரையிலும் ஹாலிஎலையிலும் இருந்து பஸ் ஏறி வருகிற பிள்ளைகள் இவர்கள். வருகிற வழி முழுக்க அந்தப் பாடம் மலையில் பச்சையாகக் கிடக்கிறது. அதைக் காட்டிக் கொடுப்பதுதான் எங்கள் வேலை.

தேயிலையை அதன் போக்கில் விட்டால் அது பெரிய மரமாகிவிடும். நாம் பார்ப்பது இடுப்பளவுச் செடி. மரத்தை இடுப்பளவில் நிறுத்தி வைத்திருப்பது யார்? கொழுந்து பறிக்கிற கையும் கவ்வாத்துக் கத்தியும்.

கிளையின் நுனிக் குருத்தில் ஒட்சின் உண்டாகிறது. அது தண்டு வழியே கீழே இறங்கி, இலைக் கக்கங்களில் இருக்கிற அரும்புகளை வளரவிடாமல் அடக்கி வைக்கிறது. பாடப்புத்தகம் இதை உச்சியாட்சி என்கிறது. வீட்டில் மூத்தவர் பேசும்போது இளையவர்கள் வாயைத் திறக்காமல் இருப்பது மாதிரி. 1933இல் திமன், ஸ்கூக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அவரைச் செடியின் நுனியை வெட்டினார்கள். பக்க அரும்புகள் கிளம்பின. வெட்டிய இடத்தில் ஒட்சினைப் பூசினார்கள். அரும்புகள் பழையபடி அடங்கின. நுனியின் அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்பது அப்படித்தான் தெளிவானது.

இப்போது மலைக்கு வாருங்கள். இரண்டு இலையும் ஒரு குருத்துமாகக் கொழுந்தைக் கிள்ளுகிற ஒவ்வொரு தடவையும் அந்தக் கிளையின் ஒட்சின் ஊற்று அகற்றப்படுகிறது. வேரில் இருந்து ஏறி வருகிற சைற்றோகைனினுக்கு வழி கிடைக்கிறது. கீழே அடங்கியிருந்த அரும்பு எழும்புகிறது. ஏழு, பத்து நாளில் அதே மலைக்குத் திரும்பி வந்தால் புதுக் கொழுந்து தயார். அந்தச் சுற்று பிந்தினால் கொழுந்து முற்றிவிடும். ஆசைப்பட்டு அடியிலுள்ள இலைகளையும் சேர்த்துப் பிய்த்தால், செடி சாப்பாடு தயாரிக்க இலை இல்லாமல் மெலிந்து போகும். எதைக் கிள்ளுவது, எதை விடுவது, எந்தக் கிளை குருத்து விடாமல் உறங்குகிறது என்பதை ஒரு நொடியில் கண் பார்க்க வேண்டும், விரல் முடிவெடுக்க வேண்டும். நாள் முழுக்க, சரிவில் நின்றபடி, முதுகில் பாரத்தோடு.

கவ்வாத்தும் இப்படித்தான். சில வருடங்களுக்கு ஒருமுறை செடியை வெட்டி மொட்டையாக்குகிறோம். இலையே இல்லாத செடி எப்படித் துளிர்க்கும்? வேரில் சேர்த்து வைத்த மாப்பொருளில் இருந்துதான். அதனால் வெட்டுவதற்கு முன்னால் வேர்த் துண்டில் அயடீன் விட்டுப் பார்க்கும் முறை இருக்கிறது. கருநீலம் வந்தால் சேமிப்பு உண்டு. பாடசாலை ஆய்வுகூடத்தில் நாங்கள் செய்கிற அதே அயடீன் பரிசோதனை! சேமிப்பு இல்லாத செடியை வெட்டினால் அது பட்டுப்போகலாம்.

உலகத்தில் வேறு பயிர்களிலும் இதே கதைதான். நாம் போட்டிருக்கிற பருத்திச் சட்டையைப் பாருங்கள். பருத்தி இழை ஒவ்வொன்றும் விதைத்தோலில் இருந்து நீண்ட ஒரே ஒரு கலம். பூ மலர்கிற நாளில் அது கிளம்பி, ஏறக்குறைய மூன்று வாரத்தில் இரண்டரை, மூன்று சென்றிமீற்றர் வரை நீள்கிறது. ஒட்சினும் கிபரலினும் அதைத் தூண்டுகின்றன, எதிலீன் நீள வைக்கிறது, அப்சிசிக் அமிலம் தடுக்கிறது. 2011இல் சீன ஆய்வாளர்கள், சூல்வித்தின் மேற்தோலில் மட்டும், இழை கிளம்புகிற நேரத்தில் ஒட்சின் கூடும்படி பருத்தியின் மரபணுவை மாற்றினார்கள். நான்கு வருட வயல் சோதனையில் பஞ்சு விளைச்சல் 15 வீதத்துக்கு மேல் கூடியது. கூடுதல் ஒட்சின் எங்கே, எப்போது என்பதில்தான் அந்த வெற்றி இருந்தது. கொழுந்து மலையில் அந்த "எங்கே, எப்போது" தெரிந்த விரல்கள் தலைமுறை தலைமுறையாக வேலை செய்கின்றன.

நம்ம ஊவாத் தேயிலையின் மணத்துக்கும் இதில் பங்கு இருக்கிறது. ஆடி, ஆவணியில் தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, நம்ம பக்கம் வரண்ட கச்சானாக வீசுகிறது. செடி தவிக்கிறது. அப்சிசிக் அமிலம் கூடி இலைவாய்கள் மூடுகின்றன. அந்தக் காலத்துக் கொழுந்தில் செய்த தேயிலைக்குத்தான் உலகச் சந்தையில் பெயர். அதன் குளிர்ச்சியான மணத்துக்கு முக்கிய காரணம் மெத்தில் சலிசிலேற்று. செடிகள் ஆபத்தில் பாவிக்கிற சலிசிலிக் அமிலம் என்ற ஓமோனின் ஆவியாகும் வடிவம் அது. தசைவலித் தைலங்களில் வருகிற மணமும் அதுவே. பகலில் செடியின் தவிப்பைக் கூடையில் சேர்க்கிற தாய், இரவில் தோள்வலிக்குத் தடவுவதும் ஏறத்தாழ அதே மருந்து.

லிப்டன் 1890இல் ஹப்புத்தளைப் பக்கம் தோட்டங்களை வாங்கினார். அவருடைய பெயர் உலகம் முழுக்கத் தெரியும். 1925இல் தொடங்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் தலவாக்கலையில் இருக்கிறது. அதன் ஊவா நிலையம் நம்ம பசறையிலேயே இருக்கிறது. ஆனால் சம்பளப் பேச்சு வரும்போதெல்லாம் மலையில் நிற்கிற பெண்ணின் வேலையை "பயிற்சி தேவையில்லாத வேலை" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். பெற்றோரின் தொழிலைக் கேட்டால் தலையைக் குனிகிற பிள்ளைகளை நாங்கள் வகுப்பில் பார்க்கிறோம். அந்தக் குனிவுக்கு எந்த நியாயமும் இல்லை. ஒரு செடியின் உள் அரசியலைத் தொட்டுப் பார்த்தே நடத்துகிற ஆளை எந்தக் கணக்கில் பயிற்சியற்றவர் என்பது?

பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுவேலை. இந்தக் கிழமை அம்மாவிடமோ பாட்டியிடமோ கேளுங்கள்: "எந்தக் கொழுந்தை எடுப்பீங்க, எதை விடுவீங்க, ஏன்?" சொல்வதை அப்படியே கொப்பியில் எழுதி, பக்கத்தில் ஓமோனின் பெயரைப் போடுங்கள். தோட்டத்தில் இல்லாதவர்கள் பக்கத்து லயத்து அக்காமாரிடம் மரியாதையாகக் கேட்கலாம்.

அம்மாமாரே, பிள்ளை கேட்டால் "எனக்கு என்னப்பா தெரியும்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உங்களுக்குத் தெரியும்.

கிடைத்த பதில்களைக் கீழே எழுதுங்கள். அவற்றைத் தொகுத்து அடுத்த தவணைக்குக் குறிப்பாகத் தருகிறோம், இன்ஷா அல்லாஹ்.